பதினொரு மணிக்கு யாரும் தூங்குவதில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வந்த போனைக் கனிஷ்கா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, மூச்சு மெஷின் ஆபீஸுங்களா? எங்க வீட்டுக்காரரு மெஷின் போடாம தூங்குனா மூச்சே உடறதில்லீங்க."

"அதுக்குத்தானுங்களே அக்கா மெஷின் குடுத்திருக்கறது? தூங்கறப்ப தொண்டை அடைச்சுக்குது. மெஷின் காத்தை அழுத்தி அனுப்பி அதைத் தொறந்து வெக்குது."

"அதெல்லாம் தெரியுங்க. ஆறு வருசமாப் போடறாரு. முன்னால மெஷின் இல்லாம கண்ணசந்தா பெருசா கொறட்டை வரும். அப்புறம் மூச்சு நிக்கும், நெஞ்சு எம்பும், திணறி அவரே முழிச்சுக்குவாரு. இப்பத் திணறறதே இல்லீங்க. சும்மா அப்படியே கெடக்கறாரு."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கனிஷ்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

ஈரோட்டு மண்டலத்தில் அந்த மெஷின்களுக்கு அவள் ஒருத்திதான் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடங்களில் அவள் கேட்ட புகார் வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது, எழுந்தால் வாய் காய்ந்து கிடக்கிறது, வயிறு உப்புகிறது, குழாயில் தண்ணீர் கோர்க்கிறது. எல்லாவற்றையும்விட அதிகம் வந்த புகார், காற்று மூஞ்சியில் அடிக்கிற மாதிரி இருக்கிறது, தூக்கத்திலேயே கழற்றி எறிந்துவிடுகிறேன் என்பது. பட்டையைத் தளர்த்துவது, தண்ணீர்த் தொட்டியின் சூட்டைக் கூட்டுவது, மாஸ்க்கின் அளவை மாற்றுவது என்று வீடு வீடாக அலைந்திருக்கிறாள்.

நான்கு மாதங்களுக்கு முன் கம்பெனி எல்லா மெஷின்களுக்கும் 'முன்மூச்சு' என்ற புது மென்பொருளை அனுப்பியது. ஒருவர் மூச்சு விடும் விதத்தை மெஷின் பத்து நாளில் கற்றுக்கொள்ளும். பிறகு அவர் அடுத்த மூச்சை இழுப்பதற்கு இம்மி முன்பாகவே அதைக் கொடுத்துவிடும். காற்று முகத்தில் அடிப்பதாகவே தோன்றாது. அதன்பின் புகார்கள் ஏறக்குறைய நின்றுபோயின.

போன் செய்த பரிமளாவின் வீடு வீரப்பன்சத்திரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. கணவர் ஈஸ்வரமூர்த்திக்கு ஐம்பத்திரண்டு வயது. தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பெங்களூருக்குப் போய் விடியற்காலை திரும்புவார். பகலில்தான் தூக்கம். தூக்க மூச்சுத்தடை உள்ள டிரைவர்கள் ஆறு மணி நேரம் தூங்கியதாக மெஷின் காட்டினால்தான் வண்டியைத் தொடலாம் என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. மெஷினின் கணக்கு நேராக பஸ் ஷெட் மேனேஜரின் டேப்லெட்டுக்குப் போகும். பச்சை என்றால் வண்டி, சிவப்பு என்றால் வீடு.

"வாங்கம்மிணி. எனக்கு ஒண்ணுமில்லீங்க. இவதான் பயந்துட்டு போன் பண்ணிட்டா," என்று ஈஸ்வரமூர்த்தி சிரித்தார்.

கனிஷ்கா மாஸ்க்கை ஒளியில் பிடித்துப் பார்த்தாள். குழாயை வளைத்து ஊதினாள். வடிகட்டி சுத்தமாக இருந்தது. கசிவு இல்லை. மெஷினின் பதிவுகளைத் திறந்தபோதுதான் அவள் கை நின்றது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்ற கட்டத்தில் பூஜ்யம். முந்தின நாளும் பூஜ்யம். நான்கு மாதங்களாக ஒரு நாள் தவறாமல் பூஜ்யம். ஒரு நோயும் இல்லாதவர்களுக்குக்கூடத் தூக்கத்தில் ஒன்றிரண்டு முறை மூச்சு தயங்கும்.

"அண்ணா, மாஸ்க் இல்லாம ஒரு பத்து நிமிசம் படுங்க. நான் பக்கத்துலயே இருக்கறேன்."

ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர். ஜன்னலில் கறுப்புத் துணி போட்ட அறையில் படுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். அவள் அவர் விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினாள்.

குறட்டை வரவில்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது. மறுபடி லேசாக ஏறியது, இறங்கியது. பிறகு ஏறவில்லை.

தொண்டை அடைத்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மூச்சு வராவிட்டாலும் அவர்கள் நெஞ்சும் வயிறும் போராடும், கழுத்து நரம்பு புடைக்கும். இங்கே எதுவுமில்லை. உடம்பு முயற்சியே செய்யவில்லை. கடிகாரத்தில் இருபது விநாடி. முப்பது. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஐம்பதாவது விநாடியில் கிளிப்பில் எண் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. பரிமளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா! அண்ணா! எந்திரிங்க!"

தோளைப் பிடித்து இரண்டு முறை உலுக்கிய பிறகு அவர் கண் திறந்தார்.

"ஆச்சுங்களா அம்மிணி? அதுக்குள்ளயா?" என்றார் சிரித்தபடி.

அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

வாசலுக்கு வந்து சென்னையில் மென்பொருள் பிரிவைப் பார்க்கும் ரிஸ்வானைக் கூப்பிட்டாள். பார்த்ததைச் சொன்னாள்.

"ஒருத்தருக்கு மட்டும் இருக்கலாம் கனிஷ்கா. மூளையில வேற ஏதாவது பிரச்சனை…"

"சார், உடம்புல கரியமில வாயு சேந்தாத்தான் மூளை 'மூச்சு இழு'ன்னு சொல்லும். நம்ம மெஷின் அது சேரவே விடறதில்ல. கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுது. நாலு மாசமா கேக்க வேண்டிய வேலையே இல்லாத உடம்பு சார். கேக்கறதையே மறந்துடுச்சு."

"எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. இன்னைக்கே," என்றான் ரிஸ்வான்.

உள்ளே திரும்பியபோது கணவனும் மனைவியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணா, மெஷின் இல்லாம ஒரு நிமிசம்கூடக் கண்ணை மூடிடாதீங்க. உங்களுக்குத் திணறல் வராது. அதனால தானா முழிப்பும் வராது."

"கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி நாலு மணி நேரம் நிக்கும்."

"தூங்கிட்டிருக்கறப்ப மெஷினே நின்னுபோச்சுன்னா?"

அவள் மாஸ்க்கின் பட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். "அதுக்குத்தான் ஆபீஸுக்கு எழுதறேனுங்க," என்றாள்.

அன்று மாலை அறிக்கையை அனுப்பிவிட்டுப் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். முன்மூச்சு வந்த நான்கு மாதங்களில் அவள் மண்டலத்தில் ஐந்து பேர் தூக்கத்தில் இறந்திருந்தார்கள். ஐந்து கோப்புகளும் ஒரே குறிப்போடு மூடப்பட்டிருந்தன: 'பயனர் மாஸ்க் அணியவில்லை.' மெஷின் சொன்னதை அப்படியே எழுதிய குறிப்பு. இரண்டு கோப்புகளை மூடியது அவளேதான். அந்த இருவரில் ஒருவர் பவானியில் பள்ளிக்கூட ஆசிரியை. மகள் வீட்டுக்குப் போனவர் மெஷினை எடுத்துப்போக மறந்திருந்தார். 'ஒரு ராத்திரிதானே' என்று படுத்திருக்கிறார். கனிஷ்காதான் போய் அந்த மெஷினை வாங்கிவந்து, துடைத்து, வேறொருவருக்குக் கொடுத்தாள்.

புதன்கிழமை முழுக்கச் சென்னையிலிருந்து பதில் இல்லை. வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு எல்லா டெக்னீஷியன்களுக்கும் ஒரு வரி வந்தது. இன்று காலை பதினொரு மணிக்கு எல்லா மெஷின்களிலிருந்தும் முன்மூச்சு நீக்கப்படும். பயனர்களுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள். உடனே சென்னைக்குப் போன் போட்டாள்.

"ரிஸ்வான் சார், ஒரேடியாவா எடுக்கறீங்க? இத்தனை நாள் மெஷின் விட்ட மூச்சு சார் அது! கொஞ்சம் கொஞ்சமாத்தானே குறைக்கணும்?"

"நானும் அதையேதான் சொன்னேன். ரெண்டு மாசம் டைம் கேட்டேன். குறைச்சா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு மேல சொல்லிட்டாங்க. எடுத்துட்டா எதுவுமே நடக்காத மாதிரி. ராத்திரில பண்ணா ஆபத்துன்னு சண்டை போட்டுத்தான் பகலுக்கு மாத்த வெச்சேன். பதினொரு மணிக்கு யார் தூங்குவாங்க?"

கனிஷ்கா திரையைப் பார்த்தாள். அவள் மண்டலத்தில் அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

"பத்தொம்பது பேர் சார். என் ஏரியால மட்டும். மில்லு, தறி, ஆஸ்பத்திரி, பஸ்ஸு. இங்க பாதி ஊரு ராத்திரிதான் சார் வேலை செய்யுது."

அவன் மூச்சை இழுப்பது போனில் கேட்டது.

"நிறுத்துங்க சார்."

"முடியாது கனிஷ்கா. கட்டளை நேத்தே மெஷினுக்குள்ள போயிடுச்சு. பதினொண்ணானா அதுவா மாறிக்கும்."

"மாறுனதுக்கப்புறம் மூச்சு நின்னா மெஷின் சத்தம் குடுக்குமா?"

"குடுக்காது. பழைய முறையில அது எண்ணி எழுதிக்கும். அவ்வளவுதான்."

மணி பத்து இருபத்திரண்டு. பத்தொன்பது பேருக்கும் போன் செய்து எழுப்ப நேரம் போதாது. தூங்குகிறவர்கள் போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். அப்போதுதான் அவளுக்குக் கசிவுச் சோதனை ஞாபகம் வந்தது. மாஸ்க் கசிகிறது என்று ஒரு புகார் பதிவானால், இருந்த இடத்திலிருந்தே அந்த மெஷினில் சோதனை ஒலியை அவள் எழுப்பலாம். அந்த ஒலிக்குச் செத்தவனும் எழுந்துவிடுவான் என்று டெக்னீஷியன்கள் கேலி செய்வதுண்டு.

ஒவ்வொரு பெயராகப் பொய்ப் புகார் எழுதினாள். 'மாஸ்க் கசிவு. மாஸ்க் கசிவு. மாஸ்க் கசிவு.' ஒலி. பச்சைப் புள்ளி அணையும் வரை காத்திருப்பு. அணைந்ததும் 'மறுபடி தூங்காதீர்கள்' என்று ஒரு செய்தி. பிறகு அடுத்தது. கோபிச்செட்டிபாளையத்து நர்ஸ் ஒருத்தி உடனே கூப்பிட்டுக் கத்தினாள். "மனுசி தூங்க வேண்டாமா? நைட் டூட்டி பாத்துட்டு இப்பத்தான் படுத்தேன்." அந்தத் திட்டு அவ்வளவு இனிமையாக இருந்தது. "மன்னிச்சுக்குங்கக்கா. நான் மறுபடி கூப்புடற வரைக்கும் தூங்காதீங்க. உயிர் விசயம்," என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போனாள். இடையில் மற்ற பதினொரு மண்டலங்களின் டெக்னீஷியன்களுக்கும் செய்தி அனுப்பினாள். மூன்று பேர் பார்த்ததாகக் காட்டியது.

பத்து நாற்பத்தேழுக்குப் பதினெட்டுப் புள்ளிகள் அணைந்திருந்தன. ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஈஸ்வரமூர்த்தி.

ஒலியை அனுப்பினாள். 'ஒலி முடக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அவர் போன் அணைந்திருந்தது. பரிமளாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அண்ணனை எழுப்புங்க! உடனே!"

"அவரு வீட்ல இல்லீங்களே அம்மிணி. ஷெட்டுல டிரைவருங்க ரூம்ல படுத்திருக்கறாரு. நான் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மூக்குல கை வெச்சுப் பாக்கறேனாம். நிம்மதியா படுக்க முடியலீன்னு மெஷினைத் தூக்கிட்டு நேத்தே அங்க போயிட்டாரு. என்னாச்சுங்க?"

"ஷெட்டுக்கு வாங்க. நானும் போறேன்."

பெருந்துறை ரோட்டில் ஸ்கூட்டரை எவ்வளவு வேகமாக ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சிக்னலில் நின்றபோது ஷெட் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. சாலையில் எல்லோரும் விழித்திருந்தார்கள். கரும்புச்சாறு பிழிகிறவன், பள்ளிக்கூட வேன், செல்போனில் சிரித்துக்கொண்டே போகும் பெண். பட்டப்பகலில் இந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு மனிதன் சத்தமில்லாமல் நின்றுபோவான் என்று சொன்னால் இவர்களில் யார் நம்புவார்கள்?

ஷெட் வாசலில் நுழைந்தபோது பதினொன்று ஐந்து.

பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் அவள் ஓடுவதைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தகரக் கதவு. உள்ளே இருட்டு. அடுக்குக் கட்டில்கள் மூன்றில் இரண்டு காலியாக இருந்தன. கடைசிக் கட்டிலின் கீழ்த்தட்டிலிருந்து மெஷினின் சத்தம் வந்தது. ஏறி இறங்கும் சத்தமாக இல்லாமல் ஒரே சீராக, குழாயில் நீர் கசிவது போல இழுத்துக்கொண்டிருந்தது. மாறிவிட்டது.

ஈஸ்வரமூர்த்தி மாஸ்க்கோடு மல்லாந்து கிடந்தார். அசைவில்லை.

கனிஷ்கா முழங்காலிட்டு மாஸ்க்கைப் பிடுங்கினாள். உலுக்கக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

அவர் கண்கள் திறந்திருந்தன. இமைகள் மூடித் திறந்தன.

"என்னம்மிணி?" என்றார்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"முழிச்சுக்கிட்டீங்களாண்ணா? சத்தம் மாறுனதும் முழிச்சுக்கிட்டீங்களா?"

"முழிக்கறதுங்களா?" அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "தூங்குனாத்தானுங்களே முழிக்கறதுக்கு."

கதவு வழியே வந்த வெளிச்சத்தில் அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது. உதட்டின் ஓரம் காய்ந்த ரத்தம்.

"செவ்வாக்கெழமை நீங்க போனதுலருந்து பொட்டுத் தூக்கம் இல்லீங்கம்மிணி. கண்ணை மூடுனா மெஷின் நின்னுபோற மாதிரியே இருக்குது. மாஸ்க்கைப் போட்டுட்டு மேல்தட்டையே பாத்துட்டுக் கெடப்பேன். சொக்குச்சுன்னா உதட்டைக் கடிச்சுக்குவேன். அவ பக்கத்துல இருந்தா கண்டுபுடிச்சுருவான்னுதான் இங்க வந்துட்டேன்."

கனிஷ்கா மெஷினைத் தன் பக்கம் திருப்பினாள். செவ்வாய்: ஆறு மணி நாற்பது நிமிடத் தூக்கம். புதன்: ஆறு மணி ஐம்பத்தைந்து நிமிடம். வியாழன், காலை ஏழரை முதல் இப்போது வரை: நல்ல தூக்கம்.

மூச்சை விட்டுக்கொண்டிருந்தது மெஷின். அசையாமல் கிடப்பவன் விழித்திருக்கிறானா, தூங்குகிறானா என்று அதற்கு எப்படித் தெரியும்?

"அண்ணா," என்றாள். "ரெண்டு ராத்திரியும் வண்டி எடுத்தீங்களா?"

அவர் தலை குனிந்தார்.

"பச்சை காட்டுச்சுங்க. போகலீன்னா ஏன்னு கேப்பாங்க. சொன்னா வேலை போயிரும். நேத்து திரும்பி வரப்ப கிருஷ்ணகிரி மேம்பாலத்துல ஏறுனது தெரியும். எறங்குனது தெரியாதுங்க. நடுவுல என்ன நடந்துதுன்னே நெனவில்ல. பின்னால முப்பத்தாறு பேரு படுத்துத் தூங்கிட்டிருந்தாங்க. அதுல ஒரு கைக்கொழந்தை."

வாசலில் நிழல் விழுந்தது. ஷெட் மேனேஜர் துரைசாமி டேப்லெட்டோடு நின்றார். "யாருங்க நீங்க? ரெஸ்ட் எடுக்கற டிரைவரை எழுப்பக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குதுல்ல?"

"சார், இவர் மூணு நாளாத் தூங்கலை. இன்னைக்கு ராத்திரி இவர் வண்டி எடுக்கக் கூடாது."

துரைசாமி டேப்லெட்டைப் பார்த்தார். "நல்லா தூங்கியிருக்கறாரேம்மிணி. ரெண்டு நாளும் பச்சை. இன்னைக்கும் ஏழரைலருந்து தூக்கம்னுதான் காட்டுது." பிறகு அவள் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். "இது உங்க மெஷின்தானுங்களே?"

"எங்க மெஷின்தாங்க. அது பொய் சொல்லுது."

சொன்னபிறகுதான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைச் சொன்னது அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. ரிஸ்வான் அனுப்பியிருந்தான். 'மற்ற மண்டலங்களில் இன்னும் எழுபது மெஷின்கள் ஓடுகின்றன. எத்தனை பேர் எழுந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் போலீஸுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன்.'

அவள் அந்தச் செய்தியை அப்படியே துரைசாமியிடம் நீட்டினாள். அவர் படித்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஏனுங்க ஈஸ்வரா," என்றார், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"நான் இன்னைக்கு வண்டி எடுக்கலீங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. ஒரு குழந்தை சொல்வது போல இருந்தது. "இனி எப்பன்னும் தெரியலீங்க."

துரைசாமி தலையாட்டினார். டேப்லெட்டில் அவர் பெயரைத் தானே சிவப்பாக மாற்றினார்.

கனிஷ்கா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முடித்தபோது ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பரிமளா ஓடிவந்து கணவனின் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னதைக் கேட்டு, "எங்கிட்டக்கூட மறைச்சுட்டீங்களே," என்று மட்டும் சொன்னாள்.

"அண்ணா, தூங்காம இருந்தாலும் ஆபத்துதான்," என்றாள் கனிஷ்கா. "மெஷின் இப்பத் தொண்டையை மட்டும் தொறந்து வெக்கும். மூச்சை நீங்கதான் இழுக்கணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், ஆஸ்பத்திரில போட்டுப் பாத்துக்குவாங்க. அது வர இருபது நிமிசம் ஆகும். அதுவரைக்கும் உக்காந்திருக்க முடியுமா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்கள் நிலைகொள்ளாமல் நழுவின.

"முடியாதுங்கம்மிணி. இனி ஒரு நிமிசம்கூட முடியாது."

கனிஷ்கா அவர் விரலில் கிளிப்பை மாட்டினாள். மாஸ்க்கைத் திரும்பப் பொருத்தி, பட்டையைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். பரிமளா அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுச்சுன்னா எழுப்பிருவீங்கல்ல?" மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் குழறி வந்தது.

"எழுப்பிருவோம்ணா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார். நெஞ்சு ஒரு முறை ஏறியது. இறங்கியது.

அடுத்ததற்காக இரண்டு பெண்களும் குனிந்து காத்திருந்தார்கள்.